ஏரிச் சேற்றில் நான் நட்ட பதினாறு குச்சிகள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதக் காலையில், பழவேற்காடு ஏரியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது நடந்தது இது. அப்போது நான் எம்.எஸ்ஸி. சூழலியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்கு ஆலையில் ஷிஃப்ட் வேலை. நான் பிளஸ் டூ படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அப்பா வேலை முடிந்து வந்து தூங்கும் நேரத்தில் நான் கிளம்பிவிடுவேன்; நான் திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். ஒரே வீட்டில் இருந்தும் எங்கள் பேச்சு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான். ‘சோறு இருக்கு’, ‘கேஸ் புக் பண்ணு’, அவ்வளவுதான்.

என் ப்ராஜெக்ட், ஏரிச் சேற்றில் வாழும் புழுக்களை எண்ணுவது. சிரிக்காதீர்கள். சேறு நன்றாக இருக்கிறதா கெட்டுப்போய்விட்டதா என்று புழுக்கள்தான் சொல்லும். அருகருகே நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலையிலும் சவுக்குக் குச்சி நட்டு, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தேன். மாதம் இரண்டு முறை பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ், பிறகு சேற்றில் நடை. ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் அழுத்தி எடுத்து, சல்லடையில் அலசி, மிஞ்சுகிற புழுக்களை பாட்டிலில் போட்டுக்கொண்டு வர வேண்டும். எட்டு மாதம் இதைத் தனியாகவே செய்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னையிலேயே லேபுக்குள் முடிகிற தலைப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான்தான் வீராப்பாக ஏரியைக் கேட்டு வாங்கினேன்.

அந்த ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கும் பெண்கள் உண்டு. ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரியும். வரிசையாக வருவார்கள். என் குச்சிகளுக்குக் கொஞ்ச தூரத்தில் வந்ததும் அப்படியே வளைந்து, சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்கு அது சுருக்கென்று இருக்கும். தொப்பியும் பேன்ட்டுமாக நிற்கிற என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டு முறை சிரித்துப் பார்த்தேன். யாரும் திரும்பச் சிரிக்கவில்லை. பல்லில் பறி இருக்கும்போது எப்படிச் சிரிப்பார்கள் என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை. கரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அழுகை வரும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நாள் அழுதும் இருக்கிறேன்.

ஆனால் புழுக்கள் என்னைக் கைவிடவில்லை. மாதத்துக்கு மாதம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சேறு தானாகவே தேறி வருகிறது என்று என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். இதையே விரித்து ஐந்து வருட ஆராய்ச்சியாக்கலாம், பிஎச்.டி.க்கு என்னிடமே சேர்ந்துவிடு என்றார். அதே சமயத்தில் எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் சுற்றுச்சூழல் பிரிவில் எனக்கு வேலையும் வந்தது. அதற்கு எம்.எஸ்ஸி. போதும். இரண்டுக்குமே மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் கேட்டேன். “வர்ற வேலைய உட்டுட்டு இன்னும் அஞ்சு வருசம் புழு எண்ணிக்கினு இருக்கப் போறியாம்மா?” என்றார். கோபமில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். எனக்கோ பிஎச்.டி.தான் வேண்டும். ஆராய்ச்சி ஆசை பாதி. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொண்டு அந்தத் தொழிற்பேட்டைப் புகையிலிருந்து எங்கேயாவது போய்விட வேண்டும் என்கிற ஆசை மீதி.

அந்த மாசி மாதக் காலையில்தான் கடைசி மாதிரியை எடுத்து முடித்தேன். வேலை முடிந்ததே என்று குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தேன். ஏழோ எட்டோ பிடுங்கியிருப்பேன். இறால் பிடிக்கும் பெண்களில் ஒருவர் எழுந்து என்னை நோக்கி வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

“மேடம், பாடு முடிஞ்சிடுச்சா? நாங்க எறங்கலாமா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். அங்கே வலை கட்டுகிறவர்களுக்கு ஊரில் முறை வைத்து இடம் பிரித்துக் கொடுப்பார்களாம். அப்படிக் கொடுத்த இடத்துக்குத்தான் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் கால் வைத்தால் பெரிய சண்டையாகிவிடும். சிவப்புத் துணியோடு குச்சி நட்டிருக்கவும், யாரோ பெரிய இடத்து ஆளுக்குப் பாடு விட்டிருக்கிறார்கள், நான் அதைப் பார்த்துக்கொள்கிற ஆபீசர் என்று நினைத்துவிட்டார்கள்.

“அது பாடு இல்லக்கா. சும்மா அடையாளத்துக்கு நட்டது. யார் வேணும்னாலும் வந்திருக்கலாம்” என்றேன்.

அவர் பிடுங்கிய குச்சிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எட்டு மாசமா சுத்திக்கினு போறோம் மேடம். இங்கதான் சேறு மெத்துனு இருக்கும், எறா நல்லா படும்” என்றார். பிறகு அவராகவே, “சரி உடுங்க, உங்களுக்கு இன்னா தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பறியை மறுபடி பல்லில் கடித்துக்கொண்டார். மற்றவர்களுக்குக் கையைக் காட்டினார். ஆறேழு பேர் என் இடத்துக்குள் வந்து உட்கார்ந்து தடவ ஆரம்பித்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் வரும்போதுதான் அடுத்த அடி விழுந்தது. எட்டு மாதமாக அந்த இடத்தை யாரும் மிதிக்கவில்லை, தடவவில்லை. புழு பெருகாமல் என்ன செய்யும்? சேறு தானாகத் தேறவில்லை. நான் ஆட்களைத் தடுத்து வைத்திருந்தேன். என் கண்டுபிடிப்பு மொத்தமும் அந்தப் பதினாறு குச்சிகள் செய்த வேலை.

பத்து நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குக்கூட என் ஆராய்ச்சி கெட்டுப்போனது தெரியாது. உலகத்திலேயே இது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிஎச்.டி. கைக்கு வந்துவிடும். காலி வீட்டில் உட்கார்ந்து, அப்பா மூடி வைத்துவிட்டுப் போன சோற்றைத் தின்றுகொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தனியாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

பிஎச்.டி. விண்ணப்பத்தில் ஆய்வு நடந்த இடத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. ‘மனித நடமாட்டம் இல்லாத பகுதி’ என்று டைப் செய்தேன். படித்துப் பார்த்தேன். நடமாட்டம் இருந்தது, எத்தனையோ காலமாக இருந்தது, நான்தான் அதை நிறுத்தினேன். அந்த வரியை என்னால் அனுப்ப முடியவில்லை.

மறுநாள் பேராசிரியரிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் என் எண்ணிக்கைத் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “நீ சொல்லவில்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது” என்றார். அது பாராட்டா வருத்தமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நடந்த தவறைக் கடைசி அத்தியாயமாக எழுதச் சொன்னார். அதை வைத்து எம்.எஸ்ஸி. கிடைத்துவிட்டது. பிஎச்.டி. பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாதக் கடைசியில் கம்பெனிக்குச் சரி என்று பதில் போட்டேன். அப்பா அன்றைக்கு ஸ்வீட் வாங்கி வந்தார். அவரிடம் எதையும் சொல்லாமல் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன்.

கல்லூரித் தோழி ஒருத்தியிடம் மட்டும் பிற்பாடு சொன்னேன். மிதிக்காவிட்டால் புழு பெருகும் என்பதே ஒரு கண்டுபிடிப்புதானே, அதையே பிஎச்.டி. ஆக்கியிருக்கலாமே அசடு என்றாள். ஆக்கியிருக்கலாம்தான். ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்காக எட்டு மாதம் அரையும் குறையுமாக நிரம்பிய பறியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் யார் என்று எனக்குத் தெரியுமே.

இப்போதும் அதே தொழிற்பேட்டையில்தான் வேலை. கழிவுநீர் மாதிரி எடுத்துச் சோதிக்கிறேன். மேலே படிக்கவில்லையா, டாக்டர் பட்டம் வாங்கவில்லையா என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறேன். யாருமே என்னோடு பேசவில்லை என்று எட்டு மாதம் கரையில் உட்கார்ந்து அழுத நான், ‘ஏன் சுற்றிப் போகிறீர்கள்’ என்று அவர்களை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு இன்னும் ஐந்து வருடம் கிடைத்திருந்தால், அந்த ஐந்து வருடமும் அவர்கள் வழியை அடைத்துக்கொண்டேதான் நின்றிருப்பேன்.