ஒரு தடவை கூடுதலாகப் பாடியவள்

எங்கள் தெருவுக்குப் புதிதாக ஒரு தண்ணீர் லாரி வர ஆரம்பித்திருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே பின்னால் வரும். பழைய லாரி பிறந்தநாள் பாட்டுப் பாடும், அதற்கு நாங்கள் பழகிப்போயிருந்தோம். புது லாரியின் பாட்டு முதன்முதலாகக் காதில் விழுந்தபோது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையிலிருந்த ஈரச் சட்டையோடு கைப்பிடிச் சுவருக்குக் கீழே சட்டென்று உட்கார்ந்துவிட்டேன். சுற்றுவட்டாரத்தில் எந்த மாடியிலும் ஆள் இல்லை. ஆனாலும் யாரோ என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு தண்ணீர் லாரிக்குப் பயந்து ஒளிகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த மெட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். காது கேட்காமல் போன பிறகு ஒரு ஜெர்மன்காரர் எழுதியது என்பார்கள். பெரிய வாத்தியக் கூட்டம் நெடுநேரம் வாசித்து, கடைசியில் இன்னொரு கூட்டம் எழுந்து நின்று பாடும் சிம்பொனி. அதன் கடைசிப் பாகத்தை ஒரகடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாங்கள் பாடினோம். நான்கூடப் பாடினேன். கொஞ்சம் அதிகமாகவே பாடிவிட்டேன்.

ஈரச் சட்டை வாசனை என்றால் எனக்கு ஹாஸ்டல் ஞாபகம்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த காலம். ஒரே ரூமில் ஆறேழு பேர். எல்லோருடைய யூனிஃபார்மும் கொடியில் தொங்கும், மழைக்காலத்தில் காயவே காயாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வாசனையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் படப்பையில் நடந்த பாட்டுப் பயிற்சிக்கு முதலில் போனேன். சங்கீத ஆர்வம் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மை இதுதான்.

பயிற்சியை நடத்தியவர் சாலமன் சார். பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் ஆர்கன் வாசிப்பார். அந்த சிம்பொனியை இந்த ஊரில் பாடவைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபைகளிலிருந்தும் ஆள் பிடித்தார். வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கத்திலிருந்து ஒரு பெண், பாடப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வந்தாள். வயலினுக்கு அவருடைய மாணவர்கள். ட்ரம்பெட்டுக்கு மணிமங்கலத்துக் கல்யாண பேண்ட் செட்காரர்கள். கிடைக்காத வாத்தியங்களையெல்லாம் இரண்டு கீபோர்டுகள் பார்த்துக்கொண்டன.

ஜெர்மன் வார்த்தைகளைத் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஓரிடத்தில் குஸ்கா என்று காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை வரும். எல்லோருக்கும் பசிக்கிற நேரத்தில்தான் அந்த இடம் வந்து சேரும். பாடுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்போம். சார் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.

என் பக்கத்தில் நின்றவர் ஸ்டெல்லா அக்கா. படப்பைக்காரர், தையல் கடை வைத்திருந்தார். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு இனிமேல் எனக்காகப் பாடுகிறேன் என்று வந்தவர். எனக்கு எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று முழங்கையால் இடித்துச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

அந்தப் பாட்டில் ஒரு இடம் இருக்கிறது. கடவுளைச் சொல்லும் வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு, குரல் உச்சத்துக்குப் போய், நீட்டிப் பிடித்து, மொத்தக் கூட்டமும் ஒரே வெட்டாக நிறுத்த வேண்டும். அதன் பிறகு ஒரு அமைதி. அந்த அமைதிக்குப் பிறகுதான் வாத்தியங்கள் மெல்ல, தூரத்தில் ஊர்வலம் வருவதுபோலத் தொடங்கும். அந்த ஒரு இடத்துக்காக சார் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார். பாட்டே அந்த அமைதியில்தான் இருக்கிறது என்பார்.

ஸ்டெல்லா அக்கா இன்னும் எளிதாகச் சொல்லுவார். “அங்க வாய தொறந்துகினு நின்னா பரவால்ல. சத்தம் மட்டும் வந்துச்சு, அவ்ளோதான்.”

நிகழ்ச்சிக்கு வரச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஊரில் ஆட்டோ ஓட்டினார். நான் சென்னைப் பக்கம் வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. ராத்திரி பஸ் பிடித்து வந்து இறங்கினார். சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை, பளபளவென்று ஒரு ஷூ. கையில் சாருக்குக் கொடுப்பதற்காக எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் டப்பா ஒன்று. அந்த ஷூ நடக்கும்போதெல்லாம் சத்தம் போட்டது. ஹாஸ்டல் வாசலில் மற்ற பெண்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு அப்போதே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. கம்பெனி அதிகாரிகள், கொரியாக்காரக் குடும்பங்கள், சபை ஆட்கள். முந்தின நாள் கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. அப்பா நடுவரிசையில், ஓரத்து நாற்காலியில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நன்றாகத்தான் பாடினோம். குஸ்கா வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த உச்சத்துக்கு ஏறும்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு பெரிய சத்தத்துக்குள் நானும் இருக்கிறேன் என்று நினைத்தேன். அப்பா கேட்கிறாரா என்று பார்க்க, சாரின் கையிலிருந்து கண்ணை எடுத்து நடுவரிசையைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. சாரின் கை மூடியது, எல்லோரும் நிறுத்தினார்கள். நான் அந்த வார்த்தையை இன்னொரு தடவை பாடினேன்.

என் குரல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பெரிய மண்டபத்தில் அது மட்டும் கிளம்பிப் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. எங்களுக்கு முன்வரிசையில் நின்று பாடியவர்களில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. சார் அசையவில்லை, கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது கைதட்டல் கேட்டது. ஒரே ஒருவர். அப்பா மக்ரூன் டப்பாவை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். மகள் தனியாகப் பாடுகிறாள், இது அவளுக்கென்று கொடுத்த இடம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மண்டபத்தில் சிரிப்பு பரவியது. அதன் பிறகு வாத்தியங்கள் தொடங்கியபோது அந்த ஊர்வலம் யாருக்கும் கேட்டிருக்காது. மிச்சப் பாட்டு முழுக்க நான் வாயை மட்டும் அசைத்தேன். நான் பாடியதைவிட அவர் தட்டியதுதான் அப்போது எனக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

முடிந்ததும் அப்பாவைச் சமையல்கட்டு வழியாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். பெரிய அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், தரையெல்லாம் தண்ணீர். ஷூ நனையாமல் தாண்டித் தாண்டி வந்தார்.

“சாரப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோமே மக்கா.”

“பஸ் போயிரும்ப்பா.”

பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும், டிக்கெட் அவர் பையில்தான் இருந்தது. மறைமலை நகர் ஸ்டாப்பில் இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நல்லா பாடுன மக்கா என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவை நீயே சார்கிட்ட கொடுத்துரு என்று என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அதை நான் ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

யாரோ எடுத்த வீடியோ மறுநாளே கம்பெனிக்கு வந்துசேர்ந்தது. லைனில் எனக்கு சோலோ என்று பெயர் வைத்தார்கள். சூப்பர்வைசர்கூட ஓ.டி. பார்க்கச் சொல்லும்போது சோலோ இருக்கா என்று கேட்பார். பயிற்சிக்குப் போவதை நிறுத்தினேன். சார் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. ஸ்டெல்லா அக்கா ஹாஸ்டலுக்கே வந்து, டெனர் பாடுகிற ஆண்கள் ஒரு பக்கம் முழுவதையும் விட்டுவிட்டதை யாருமே கவனிக்கவில்லை என்று சமாதானம் சொன்னார்.

“இன்னாத்துக்குடி இப்டி ஒளிஞ்சிகினு கீற? வா.”

வருகிறேன் என்றேன். போகவில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனால், தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் நீ அங்கே தனியாகப் பாடினாயாமே என்று கேட்டார்கள். எங்கள் சபை உபதேசியார் ஆராதனையில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன்.

“இனிமே அதைப் பத்தி யார்ட்டயும் பேசாதீங்கப்பா. ஒண்ணும் தெரியாம.”

அப்பா சரி என்றார். அதன் பிறகு அவர் யாரிடமும் அதைப் பேசவேயில்லை.

போன வருஷம் அப்பா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, அம்மாவும் நானும் அவருடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் அந்த நிகழ்ச்சியில் வந்து நின்றது. பாவம், ஒன்றுமே புரியாமல் கைதட்டினார் என்று சொன்னேன். அன்பாகத்தான் சொன்னேன். அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

நான் போனில் பாட்டின் பெயரைச் சொன்ன அன்றைக்கே, அப்பா அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு செல்போன் கடைக்குப் போயிருக்கிறார். பென் டிரைவில் ஏற்றிவந்து மாதக்கணக்காக ஆட்டோவில் அதையே போட்டிருக்கிறார். சவாரிக்கு வந்தவர்களெல்லாம் அலுத்துக்கொண்டார்களாம். அந்த உச்சி இடம் வரும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இப்போது எல்லோரும் நிறுத்துவார்கள் பாருங்கள், பேசாமல் கேளுங்கள் என்பாராம்.

“அவருக்குத் தெரியாமலா? பிள்ள ஒத்தையில மாட்டிக்கிட்டாளேன்னுதான் எந்திரிச்சுத் தட்டுனேன்னு வந்து சொன்னாரு. ஒராள் தட்டுனா இன்னும் நாலு பேர் சேந்து தட்டுவாங்கன்னு நெனச்சாராம். ஒருத்தரும் தட்டலையேன்னு அன்னிக்குச் சோறு திங்கல.”

மடித்த சட்டையை நான் மறுபடியும் பிரித்தேன், மறுபடியும் மடித்தேன்.

சாலமன் சாருக்கு பூனாவுக்கு மாற்றலாகிவிட்டது. அதோடு அந்தக் குழு கலைந்தது. வயலின் பிள்ளைகள் காலேஜ், வேலை என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். ஸ்டெல்லா அக்கா கொரோனாவில் போய்விட்டார், நான் அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை. அந்த மண்டபத்தை ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்து உதிரி பாகங்கள் அடுக்கும் கோடவுனாக மாற்றியிருக்கிறது. வேலைக்குப் போகும்போது தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். மேடை இருந்த பக்கம் சுவரை இடித்து, லாரி நுழைய ஷட்டர் போட்டிருக்கிறார்கள்.

ஆட்டோவை அம்மா உடனே விற்றுவிட்டிருந்தாள். வாங்கினவர் பக்கத்துத் தெருப் பையன்தான். நம்பர் வாங்கிப் போன் செய்தேன். அந்த பென் டிரைவ் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அதில் ஏதோ இங்கிலீஷ் கோரஸ் இருந்தது, அழித்துவிட்டுப் புதுப்பாட்டு ஏற்றிவிட்டேன் என்றான்.

“வேணும்னா முன்னாலயே சொல்லிருக்கலாமேக்கா.”

பரவாயில்லை தம்பி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.