அம்மாவின் கையில் நீலம்

இப்போதும் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனால் என்னைப் படுக்கவைத்துத்தான் ரத்தம் எடுக்கிறார்கள். தொந்தியும் வழுக்கையுமாக ஓர் ஆள் நாற்காலியிலிருந்து சரிந்தால் தூக்க நாலு பேர் வேண்டுமே! இந்த வீரத்தை நான் முதன்முதலில் காட்டியது தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில், மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. அப்பா தக்காளியோடு பாலக்கோடு மண்டிக்குப் போய்விட்டதால், துணைக்கு ஆம்பளை நான்தான். "வலிச்சா எங்கையப் புடிச்சுக்கம்மா" என்று பஸ்ஸிலேயே தைரியம் சொல்லியிருந்தேன்.

நர்ஸ் அம்மாவின் கையில் ரப்பர் குழாயைக் கட்டித் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"நரம்பே சிக்க மாட்டேங்குதுங்க. கைய நல்லா இறுக்கி மூடுங்க."

ஊசி உள்ளே போனது, நரம்பு நழுவியது. ஊசியை வெளியே எடுக்காமலே இப்படியும் அப்படியும் தேடினார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். முகமெல்லாம் தண்ணீர். என்னைத் தாங்க அம்மா எட்டியதில் ஊசி பிடுங்கிக்கொண்டு, குத்திய இடம் கோலிக்குண்டாகப் புடைத்திருந்தது.

"நோயாளி உங்கம்மாவா, நீயாடா?" என்றார் நர்ஸ்.

மறு கையில் எடுத்து முடித்தார்கள். ரத்தம் கொடுத்தது அம்மா. வெளியே பெட்டிக்கடையில் கலர் குடித்தது நான்.

வீக்கம் வற்றி நீலமாகப் படர்ந்தது. தானாக மறைந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். தினமும் எழுந்ததும் அம்மாவின் கையைத்தான் பார்ப்பேன். மறையவில்லை, பெரிதானது. ஒருநாள் துணி துவைக்க அம்மா சேலையைத் தூக்கிச் செருகியபோது காலிலும் திட்டுத்திட்டாக நீலம்.

"இங்க எப்படிம்மா?"

அம்மா சேலையை இறக்கிவிட்டாள்.

"நீ மயங்கிக் கெடந்தீல்ல கண்ணு, அப்பத்தான். கையில சிக்கலன்னு அங்கயும் குத்திப் பாத்தாங்க."

நம்பினேன். இத்தனை இடத்தில் குத்தும்வரை கிடந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஊசியே படாத இடத்திலும் ரத்தம் கட்டவைக்கும் நோய் இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த முறை விழாமல் நின்று காவல் காக்க வேண்டும். தையல் ஊசியால் என் விரலில் குத்திப் பழகினேன். ஒரு சொட்டு எட்டிப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒருவழியாக நிற்கப் பழகியபோது அம்மாவைச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை.

ஊசியைச் சட்டைக் காலரில் செருகிக்கொண்டு காத்திருந்தேன், அம்மா வந்ததும் விரலில் குத்தி, விழாமல் நின்று காட்டுவதற்கு.