பச்ச யாரு?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரம் ஒழுகுவதைப் பற்றித் தோட்டத் துரைக்கு மனு எழுத, பலர் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதும் இலவசச் செயலி ஒன்றைக் கொண்டுவந்தவன் நான். "எந்தக் கம்பனிக்கும் சொந்தமில்ல, பேரும் கேக்காது, ஆளுக்கு ஒரு நெறம் மட்டுந்தான்" என்று மேதாவி மாதிரி வகுப்பெடுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கக் காம்பராவில் குடியிருந்த, கொழுந்து பறிக்கும் அக்கா, பிள்ளையின் புத்தகங்கள் நனைவதைப் பற்றிப் பச்சை நிறத்தில் நாலு வரி எழுதினார். மலையில் எங்களை மேய்க்கும் கண்டாக்கைக் கண்டபடி திட்டிய வரிகள் சிவப்பு. சிவப்பு நான்.

அந்த இணைப்பைக் கோயில் திருவிழா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுத் தொலைத்தேன். கண்டாக்கும் அதில் இருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டில் அவர் போனும் கையுமாக நின்றார்.

"பச்ச யாரு?"

பெரட்டில் கூப்பிட்டால் பதில் சொல்லியே பழகிய வாய். "நாந்தாங்கய்யா" என்றார் அக்கா.

"ஒனக்கு இன்னைக்கு வேல இல்ல, லயத்துக்குப் போ. செவப்பு யாரு?"

நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அக்கா என் வாசலுக்கு வந்தார். "செவப்பு நீதானே தம்பி?"

"இல்லக்கா."

நம்பிவிட்டுப் போனார். நான் செயலியைத் திறந்து என் நிறத்தை மாற்றினேன். கண்டாக்கைத் திட்டிய வரிகள் அத்தனையும் அக்காவின் பச்சையாகின. அதற்கும் அது காசு கேட்கவில்லை.