அவர்கள் கத்த மாட்டார்கள்

என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியர். கப்பல் வருகிற படம் எதுவானாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவார், ரசிப்பதற்கு அல்ல, குறை கண்டுபிடிக்க. அவர் முணுமுணுக்க, முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைக்க, எனக்கு மானம் போகும்.

அந்தச் சனிக்கிழமையும் சிங்கப்பூர் தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மதியக் காட்சிக்குப் போனோம். கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைப் பிடித்து, மாலுமிகளைப் பணயம் வைக்கும் படம். திங்கட்கிழமை அவர் மறுபடியும் கப்பல் ஏற வேண்டும். கப்பலுக்குப் போகிற நேரத்தில் பார்க்கிற படமா இது? எனக்கு எரிச்சலாக வந்தது. அவரோ பாப்கார்னும் கையுமாக உற்சாகமாய் உட்கார்ந்தார்.

தொடக்கத்தில் வழக்கம்போல்தான். ஏணி தப்பு, ரேடியோ தப்பு, கேப்டன் சட்டை ரொம்ப வெள்ளை என்று அடுக்கிக்கொண்டே போனார். திரையில் யார் அடி வாங்கினாலும் எனக்கு இவர் முகமாகவே தெரிந்தது. கொள்ளையர்கள் இன்ஜின் அறைக்குள் இறங்கிக் கத்த ஆரம்பித்ததும் அவர் பேச்சு நின்றது. அப்பாடா, இப்போதாவது வாயை மூடினாரே என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இப்படியெல்லாம் கத்த மாட்டாங்க. மெதுவாதான் பேசுவாங்க."

இவருக்கு எப்படித் தெரியும்? அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, ஒரு பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டேன். போன பயணத்தில் நடந்ததாம். இன்ஜின் உதிரிபாகங்களைத் திருட ஏறியவர்கள் இவரைக் கட்டிப்போட்டு, கழுத்தில் பாராங் கத்தியை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டில் இருந்த காயத்தைச் சூடான பைப் பட்டது என்றார். நானும் நம்பி மருந்து போட்டுவிட்டேன்.

ஏதோ தூரதேசத்துக் கடலாக இருக்கும் என்று நினைத்து, எங்கே என்று கேட்டேன்.

"நம்ம சிங்கப்பூர் ஸ்ட்ரெயிட்லதான். அவனுங்க போனதும் மேல வந்து பார்த்தேன். கரையில நம்ம ஈஸ்ட் கோஸ்ட் லைட்டெல்லாம் தெரிஞ்சுச்சு."

அவர் கப்பல் எங்கே போகிறது என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருப்பது என் பழக்கம். நடுக்கடலில் இருக்கும்வரை எனக்குத் தூக்கமே வராது. சிங்கப்பூர் நீரிணைக்குள் வந்துவிட்டது என்று தெரிந்தால்தான் கைப்பேசியை வைத்துவிட்டுப் படுப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ அனுப்ப மாட்டே."

"இப்ப மட்டும் அனுப்பிடுவேனா?"

அவர் என் கையை விடவில்லை.

"அனுப்பாதே" என்றார்.