சுண்டக் காய்ச்சிய பீர்

போன வருடம், பெருநாள் விடுமுறை முடிந்த வாரம். துபாய் சத்வாவில் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறையில் தங்கியிருந்தோம். எனக்கு ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. விடுமுறையில் குடித்த பீர் இறங்குவதற்குள் டியூட்டிக்குப் போய், அடுக்கி வைத்திருந்த டைல்ஸ் பெட்டிகள் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன். மனிதர் யாருக்கும் அடியில்லை. டைல்ஸ்தான் பிழைக்கவில்லை. கையில் வார்னிங் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு முறை என்றால் விசா கேன்சல், கலாஸ், கதை முடிந்தது.

அன்றே குடியை விட்டுவிட்டதாக அறையில் அறிவித்தேன். என் ஊர்க்கார ரூம்மேட் சிரித்த சிரிப்பில் ஏசி சத்தமே கேட்கவில்லை.

"நீயா? வர்ற சனிக்கிழமை தாண்ட மாட்ட மாப்ள!"

ரோஷம் வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது பீரின் வாசம்தான், போதையல்ல என்று வெகுகாலமாக என்னையே நம்ப வைத்திருந்தேன். அதை நிரூபிக்கப் போதையில்லாத பீரை நானே காய்ச்சுவது என்று முடிவெடுத்தேன். முளைகட்டிய பார்லியில் செய்யும் மால்ட் பாகு வாங்கினேன். பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் என்ற காய்ந்த பூ, மூலிகைத் தேநீர் விற்கும் கடையில் கிடைத்தது. ஈஸ்ட் சேர்த்தால்தான் போதை. அதைத் தொடவில்லை.

எந்தப் பூவை எத்தனையாவது நிமிடம் போடுவது என்று செய்முறையில் ஒரு கணக்கு இருந்தது. நமக்கெதற்கு அது? கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சினால்தான் சத்து இறங்கும் என்று வளர்ந்த வம்சம்! சனிக்கிழமை சாயங்காலம் மொத்தப் பூவையும் முதலிலேயே கொட்டி, ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். வராண்டா முழுக்க அப்படியொரு மணம். பக்கத்து அறைக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

ஆறவைத்து, சோடா கலந்து, ஒரு வாய் குடித்தேன். நிலவேம்பு இதற்குத் தேன். வாசம்? மருந்துக்கும் இல்லை.

ஊர்க்காரன் சில்லென்று ஒரு பீர் கேனைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். "ஒரே ஒரு மடக்கு மாப்ள. ஒரு மடக்குல எந்த ஃபோர்க்லிஃப்ட் கவுந்துச்சு?"

பொய் சொல்லக் கூடாது, கை பாதிவரை போய்விட்டது. அப்போதுதான் அவன் முகத்தில் முன்கூட்டியே வந்துவிட்ட வெற்றிச் சிரிப்பைப் பார்த்தேன். கையை இழுத்து, என் டம்ளரை எடுத்து, மொத்தக் கசப்பையும் ஒரே மூச்சில் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "சூப்பரா இருக்கு" என்று சொல்லி இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன். பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? அன்று வேண்டாம் என்றுதான் தோன்றியது.

எங்களுக்குச் சமைத்துப் போடும் மூன்றாவது ஆள், யாழ்ப்பாணத்துக்காரர், என் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐசே, ரசத்துக்குக் கொத்தமல்லி இலையை எப்ப போடுவீர்?"

"இறக்குறப்ப."

"ஏன், முதல்லயே போட்டு அவிச்சால் என்ன?"

"வாசம் போயிடுமே..." சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பேந்தென்ன! உம்மட வாசம் முழுக்க வராண்டாவில நிக்குது. சட்டிக்குள்ள கசப்புதான் மிச்சம்."

அடுத்த சனிக்கிழமை, கசப்புக்கு ஒரு சிட்டிகை பூவை மட்டும் முதலில் போட்டேன். மீதியை அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடி வைத்தேன். மூடியைத் திறந்தால் ஆரஞ்சுத் தோலும் பச்சைப் புல்லும் கலந்த வாசம். ஊர்க்காரன் ஒரு டம்ளர் குடித்துவிட்டு மறுபடி நீட்டினான்.

"போதைதான் இல்ல. மத்தபடி குத்தம் சொல்ல முடியல."

"அதுக்குத்தான்டா இவ்ளோ பாடு!" என்றேன்.

இன்றுவரை குடிக்கவில்லை, வண்டியும் ஓடுகிறது. எனக்குப் பேர் வாங்கித் தந்தது மணத்த பீர் என்றாலும் என்னைக் காப்பாற்றியது அந்தக் கசப்பு டம்ளர்தான். வேண்டாம் என்று சொல்ல முகம் மலர்ந்திருக்கத் தேவையில்லை, கோணலாக இருந்தாலும் போதும் என்று அதைக் குடித்தபோதுதான் தெரிந்தது.