மச்சினன் தொடையில் ஒரு முஷ்டி

மில் தெருவில் சிடுமூஞ்சி டாக்டரைத் தெரியாதவர் கிடையாது. அறுபதைத் தாண்டிய பெண்மணி. அவர் சிரித்துப் பார்த்தவரும் இல்லை, காசில்லை என்பதற்காக அவர் வாசலிலிருந்து திரும்பிப் போனவரும் இல்லை. முடிந்தவர்கள் வாசல் டப்பாவில் ஏதாவது போடுவார்கள், போடாவிட்டாலும் கேட்பாரில்லை. கூடுதலாக ஆள் வைக்க வழியில்லாததால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. "தூக்கிட்டு வந்தவன்தான் புடிச்சுக்கணும்." ரத்தம் வழிந்தால், கொண்டுவந்தவர் கைதான் அடைப்பு. இருந்த ஒரே நர்ஸ் வாசலில் ஆள் தலை தெரிந்ததுமே, "மொதல்ல கையக் கழுவுங்க" என்பாள்.

அன்று மத்தியானம் கழுவ நேரமில்லை. மர மில்லில் பலகை அறுக்கிறவன் தன் மச்சினனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். மேஜையில் கிடத்தியதும் தொடையிலிருந்து ரத்தம் பீய்ச்சிச் சுவரில் அடித்தது.

"யாருடா குத்துனது?" என்றாள் நர்ஸ்.

"நான்தாம்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் பெண்டாட்டியின் கிழிந்த புருவத்தைப் போன மாதம்தான் இதே மேஜையில் தைத்தார்கள். அக்காவை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கப் போன தம்பிக்கு இன்று கத்திக்குத்து. அவனைச் செருப்பால் அடித்து விரட்டத்தான் அவள் கை துடித்தது. டாக்டரோ அவன் முஷ்டியைப் பிடித்துக் காயத்துக்கு மேலே வைத்து அமுக்கினார்.

"இந்தக் கையோட லட்சணம் எனக்குத் தெரியும். இன்னிக்காவது உருப்படியா ஒரு வேலை செய்யட்டும். எடுத்தே, இவன் செத்துடுவான்."

அப்போது ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. குத்துப்பட்டவனின் அண்ணன் இரும்புக் குழாயோடு கதவை உதைத்துத் திறந்து உள்ளே வந்தான். ஓங்கிய குழாய் தங்கை புருஷனின் மண்டையைப் பார்த்து இறங்க, டாக்டர் குறுக்கே பாய்ந்தார். குழாயின் முனை அவர் நெற்றியைக் கிழித்தது.

"அடிப்பா, தாராளமா அடி. அவன் கை நழுவுனா உன் தம்பி போயிடுவான். அவ்வளவுதான்."

அண்ணன் குழாயை ஓங்கியபடியே நின்றான். பிறகு வெறி தாங்காமல் மருந்து அலமாரியை விளாசினான். தரையெல்லாம் கண்ணாடியும் டிஞ்சரும். டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணில் இறங்கிய ரத்தத்தை நர்ஸ் துடைத்துவிட, அறுந்த ரத்தக்குழாயைத் தேடிப் பிடித்து, கிடுக்கி போட்டு, நூலால் இறுக்கி முடிந்தார்.

நர்ஸ் நூலை வெட்டினாள். ரத்தம் நின்றுவிட்டது. இனி அந்த முஷ்டி தேவையே இல்லை. அது டாக்டருக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

"அசையாதே. இன்னும் நிக்கல" என்றார் டாக்டர்.

'நின்னுடுச்சு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை இரும்புக் குழாய் பார்த்துக்கொள்ளும். அந்தப் புருவம் நினைவுக்கு வர, நர்ஸுக்கு அதைச் சொல்ல ஆசையாகவே இருந்தது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"டாக்டரம்மா, உங்க நெத்தி..."

"அவனுக்குப் பஞ்சைக் குடு. டேய் பெரியவனே, இங்க வா. சட்டத்தை மாத்திட்டேன். உடைச்சவன்தான் புடிச்சுக்கணும். ரெண்டு கையாலயும்."

குழாயைக் கீழே வைக்காமல் முடியாது. வைத்தான். டாக்டரின் நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதான். நர்ஸ் குழாயைக் காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டுப் போலீசுக்குப் போன் போடப் போனாள்.

போலீஸ் வந்து கையைப் பிடித்த பிறகும் தங்கை புருஷனால் முஷ்டியை விரிக்க முடியவில்லை. விரல்கள் அப்படி மரத்திருந்தன. அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நான் இப்ப எடுக்கட்டுமா டாக்டர்?" என்றான் அண்ணன்.

"உன் தம்பி கண்ணத் தொறக்கட்டும். அதுவரைக்கும் அமுக்கு."