மெல்லச் சொன்னாலே போறும்

ஸ்பிரிட் விளக்கின் மேல் சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார் கமலாக்ஷி. குழாயில் நீல மருந்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர். நிறம் மாறும்வரை யார் கேட்டாலும் பதில் வராது. பிறகு நிறத்தை மட்டும் சொல்வார். "வாழையிலை" என்றால் பச்சை, சர்க்கரை கொஞ்சம். "செங்கல்" என்றால் சிவப்பு, நிறைய.

மட்டாஞ்சேரியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருடமாக லாப் அவர் பொறுப்பு. ஞாயிறன்று படகேறி எறணாகுளம் போய், பிராட்வேயில் பழைய மருத்துவப் புத்தகங்களைக் கிளறுவார். ஒருமுறை தங்கைக்குப் புடவை எடுக்கப் போனவர் உயிர்வேதியியல் புத்தகத்தோடு திரும்பினார். தங்கை இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

சென்ற மாதம் முகமது இஸ்மாயிலை அழைத்துக்கொண்டு அவர் மனைவி பத்ருன்னிசா வந்தார். இஸ்மாயில் சுக்குக் கிடங்கில் குமாஸ்தா, சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்பவர். கிடங்கு சுள்ளிக்கல்லுக்கு மாறியதிலிருந்து தினமும் நடந்தே போய்வந்தவர், வழியில் வியர்த்து விழுந்திருக்கிறார். சாயாக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீர் புகட்டி எழுப்பியிருக்கிறார்.

பத்ருன்னிசா இன்சுலின் குப்பியை மேசைமேல் வைத்தார். "இது விஷமாயிப்போச்சு சேச்சி. இனி ஊசியும் வேண்டா, நடையும் வேண்டா."

ஊசியை நிறுத்தினால் ஆள் பிழைப்பது கடினம். கமலாக்ஷி விளக்கை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மருந்து மாறலே, ராவுத்தரே. உங்க உடம்புதான் மாறியிருக்கு. நடக்க நடக்கத் தசையிலே சேர்ந்த சர்க்கரை செலவாறது. அதைத் திரும்ப நிரப்பறதுக்கு உள்ளே ஒரு என்சைம் உண்டு. நடந்த உடம்பிலே அது முழிச்சிண்டு நிக்கும். முன்னே இன்சுலின் உரக்கச் சொன்னாத்தான் அது கேக்கும். இப்ப மெல்லச் சொன்னாலே போறும். பழைய அளவே போட்டா ரத்தத்திலே சர்க்கரை ரொம்ப எறங்கிடும், அதான் விழுந்தேள்."

"அப்போ சீக்கு கூடலையா?" என்றார் இஸ்மாயில்.

"உடம்பு சொன்ன பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிருக்கு. அளவைத்தான் குறைக்கணும்."

அதுவரை ஒரு மாதமாக எடுத்த இஸ்மாயிலின் சிறுநீர்ச் சோதனைக் குறிப்புகளைக் கமலாக்ஷி அன்றே டாக்டரிடம் கொண்டுபோய், அவர் கடைசி வரி படிக்கும்வரை நகராமல் நின்றார். ஊசியின் அளவு நாற்பது யூனிட்டிலிருந்து இருபத்தெட்டானது.

இரண்டு வாரமாக மயக்கமில்லை. ஆனால் பத்ருன்னிசாவின் பயம் தெளியவில்லை. கணவரைப் பஸ்ஸில்தான் அனுப்புகிறார். இன்று இருவரும் மறுபடி கிளினிக்குக்கு வந்தார்கள்.

"நடையையும் விடாதேங்கோ. அதுதான் பாதி மருந்து," என்றார் கமலாக்ஷி.

"பாதையிலே திரும்ப விழுந்தா யார் பிடிப்பா சேச்சி?"

கமலாக்ஷி வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தலைப்பை இடுப்பில் செருகினார். பத்ருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இஸ்மாயிலை முன்னே விட்டு, சுள்ளிக்கல் பக்கம் நடக்கத் தொடங்கினார்.